மாத்திரை நிறுத்தி வைக்கும் அந்த நொதி எப்படி இருக்கும்?

தறிமெக்கானிக் பள்ளிபாளையம்:

வணக்கங்க. எனக்கு வயது 54. விசைத்தறி மெக்கானிக். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் 400 மில்லிகிராம், தினமும் ஒன்று, மதியச் சாப்பாட்டோடு. ஆறு வருடம் ஆகிறது. உடம்பு நன்றாகவே இருக்கிறது. காலையில் கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, அவ்வளவுதான்.

வைத்திய ஆலோசனை கேட்டு வரவில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார். போன தடவை போனபோது அவரிடம், "சார், இந்த மாத்திரை எதை நிறுத்துது?" என்று கேட்டேன். "ஒரு என்சைமைங்க. சுவிட்ச் மாதிரி. உங்களுக்கு அது ஆன்லயே மாட்டிக்கிச்சு. மாத்திரை ஆஃப் பண்ணுது" என்றார். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை.

ஆனால் நான் முப்பது வருடமாக ஓடுகிறதை நிறுத்தியும் நின்றதை ஓடவிட்டும் பிழைக்கிறவன். சுவிட்ச் என்று சொன்னால் எனக்கு எப்படிங்க போதும்? அது எப்படிச் செய்திருக்கிறது, எந்தப் பாகம் அசைகிறது, மாத்திரை எந்த இடத்தில் போய் உட்காருகிறது, இதெல்லாம் தெரிய வேண்டும். இன்னொன்று: மாத்திரை ரத்தத்தோடு உடம்பு முழுக்கத்தானே போகிறது? அதே நொதி நல்ல செல்லிலும் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அதையும் நிறுத்த வேண்டுமே, நான் எப்படி உயிரோடு இருக்கிறேன்?

அப்புறம் ரிப்போர்ட்டில் ஒரு குழப்பம். மேலே "பி.சி.ஆர். பரிசோதனை" என்று இருக்கிறது. கீழே "பி.சி.ஆர்.-ஏ.பி.எல். 0.02 சதவீதம்" என்று இருக்கிறது. பரிசோதனையின் பேரும் நோயின் பேரும் ஒன்றா? மகள் பி.காம். அவளுக்கும் தெரியவில்லை.

நீட்_இரண்டாம்_முறை:

ஐயா, நொதி என்பது பூட்டு, மருந்து என்பது சாவி. சரியான சாவி சரியான பூட்டில் பொருந்தும். பொருந்தினால் நொதி வேலை செய்யாது. பதினோராம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது.

கிண்டிப்படிகம்:

தம்பி, பரீட்சைக்கு அது போதும், அண்ணனுக்குப் போதாது. இந்த நொதி பூட்டு மாதிரி அசையாமல் நிற்காது. கதையே அதன் அசைவில்தான் இருக்கிறது.

அண்ணே, நான் கிண்டி வளாகத்தில் படிகவியல் படித்தவன். எட்டு வருடம் புரதத்தைப் படிகமாக வளர்த்துக்கொண்டிருந்தேன், இப்போது வேறு பிழைப்பு. இந்த நொதியை நான் வளர்த்ததில்லை. ஆனால் எங்கள் துறையில் இதன் படத்தைப் பார்க்காமல் யாரும் வெளியே வந்ததில்லை.

முதலில் அந்த இரண்டு பி.சி.ஆர். இது தமிழ் எழுத்து செய்த வேலை. ஒன்றில் இருப்பது "பஸ்"ஸில் வருகிற ப, இன்னொன்றில் இருப்பது "பம்ப்"பில் முதலில் வருகிற ப. பம்ப் பி.சி.ஆர். என்பது பரிசோதனை முறை. துளியூண்டு மரபணுச் சரக்கைக் கோடிக்கணக்கான நகலாகப் பெருக்கி எண்ணுவது. பஸ் பி.சி.ஆர். என்பது நம் 22-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. ஏ.பி.எல். இருப்பது 9-ஆம் குரோமோசோமில். உங்கள் எலும்பு மஜ்ஜையில் என்றோ ஒரு செல்லில் இந்த இரண்டு குரோமோசோம்களும் முறிந்து, முனைகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அதில் 22-ஆவது குட்டையாகிவிட்டது. 1960-ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நோயாளிகளின் ரத்த செல்லில் அந்தக் குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள். அதனால்தான் ரிப்போர்ட்டுகளில் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பேர். ஏதோ துண்டு தொலைந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தார்கள். தொலையவில்லை, 9-ஆவதில் போய் ஒட்டியிருக்கிறது என்று 1973-ல் சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

முறிந்து ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்களும் ஒன்றாகி, பாதி பஸ் பி.சி.ஆரும் பாதி ஏ.பி.எல்லுமாக ஒரு ஒட்டுப் புரதம் உருவாகிறது. உங்கள் 0.02 அந்த ஒட்டு மரபணுவின் அளவு. 0.1-க்குக் கீழே இருந்தாலே நல்ல நிலை என்பார்கள்.

இப்போது சாமானைத் திறப்போம். ஏ.பி.எல். ஒரு கைனேஸ். ஏ.டி.பி. என்ற மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட் இருக்கும். அதில் கடைசியைப் பிய்த்து இன்னொரு புரதத்தில் ஒட்டுவதுதான் கைனேஸின் ஒரே வேலை. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதத்தின் குணம் மாறும், அது அடுத்ததைத் தட்டிவிடும், கடைசியில் "பிரி, பெருகு" என்ற உத்தரவு செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சேரும். மனித உடம்பில் ஐந்நூறுக்கு மேல் கைனேஸ்கள் உண்டு. புரதச் சங்கிலியின் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள். பெரும்பாலான கைனேஸ்கள் செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களில் ஒட்டும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டுகிறவை சுமார் 90. ஏ.பி.எல். அந்தச் சின்னக் கூட்டத்தைச் சேர்ந்தது.

டைரோசினிலும் பாஸ்பேட் ஒட்டும் என்பதே 1979 வரை தெரியாது. கலிபோர்னியாவில் சால்க் நிலையத்தில் டோனி ஹண்டர், பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்குப் புதுக் கரைசல் கலக்கச் சோம்பல்பட்டுப் பழையதையே ஊற்றி ஓட்டினார். பழசானதில் அதன் புளிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தப் புளிப்பில்தான், அதுவரை ஒரே புள்ளியாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்தது, புதுப் புள்ளி டைரோசின். சோம்பேறித்தனத்துக்கு நான் காட்டும் ஒரே சாட்சி அவர்தான்.

ஏ.பி.எல்லின் வேலை செய்யும் பகுதியை இரண்டு இட்லியை மேலும் கீழுமாக வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேல் இட்லி சின்னது, கீழ் இட்லி பெரியது. ஒரு பக்கம் மட்டும் கீல் போட்டது போல இணைந்திருக்கும். நடுவில் இருக்கும் இடுக்கில்தான் ஏ.டி.பி. வந்து செருகும். கீழ் இட்லியிலிருந்து ஒரு நாக்கு நீளும். நாக்கு வெளியே விரிந்து கிடந்தால் வழி திறந்திருக்கிறது, நொதி ஓடுகிறது. உள்ளே மடங்கினால் வழி அடைபட்டு நின்றுவிடும். நாக்கின் அடியில் மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும், 381, 382, 383 ஆகிய எண்களில். 381 உள்நோக்கித் திரும்பியிருந்தால்தான் ஏ.டி.பி.யோடு வரும் மெக்னீசியத்தைப் பிடிக்கும். அது புரண்டு வெளிப்பக்கம் போய்விட்டால் வேலை நடக்காது, ஆனால் அந்தப் புரளலில் பின்னால் ஒரு பொந்து திறக்கும்.

இமாட்டினிப் உட்காருவது அங்கேதான். நீளமான மூலக்கூறு அது. ஒரு முனை ஏ.டி.பி.யின் இடுக்கில், மறுமுனை அந்தப் பொந்துக்குள். ஆகவே அது ஓடுகிற நொதியைப் பிடித்து நிறுத்துவதில்லை. நொதி தன்னாலேயே ஓடும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். அது நிற்கும் நிலைக்கு வரும்வரை காத்திருந்து, வந்ததும் உள்ளே போய், திரும்ப விடாமல் வைத்துக்கொள்கிறது. 2000-ல் ஜான் குரியன் குழு இந்த மருந்து வகையோடு சேர்த்து நொதியைப் படிகமாக்கிப் படம் எடுத்தபோதுதான் இது தெரிந்தது. மருந்தைச் செய்தவர்களுக்கே அது அப்படித்தான் உட்காருகிறது என்று முன்னால் தெரியாது.

ஏன் ஆன்லயே மாட்டிக்கொண்டது? நல்ல ஏ.பி.எல்லின் தலைமாட்டில் ஒரு வால் உண்டு (தலையில் வால், என்ன செய்ய). அதன் நுனியில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு ஒட்டியிருக்கும். வால் வளைந்து வந்து, கீழ் இட்லியின் அடிப்பாகத்தில் உள்ள ஒரு குழியில் அந்தக் கொழுப்பு நுனியைச் செருகிக்கொள்ளும். செருகியதும் முதுகுப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துணைப் பாகங்கள் இறுக்கிக் கட்டிவிடும், நொதி அடங்கிக் கிடக்கும். 2003-ல் வெளிவந்த விஷயம் இது. உங்கள் ஒட்டுப் புரதத்தில் அந்த வால் இருந்த முன்பகுதி வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் பஸ் பி.சி.ஆர். துண்டு வந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்தத் துண்டுக்கு ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் குணம். நாலு நாலாகச் சேர்ந்து, பக்கத்தில் இருப்பதற்கு இது பாஸ்பேட் ஒட்ட, இதற்கு அது ஒட்ட, அணையாமல் எரிகிறது.

நல்ல செல் ஏன் சாகவில்லை என்ற கேள்விக்குப் பதில்: நிற்கத்தான் செய்கிறது. உங்கள் நல்ல ஏ.பி.எல்லையும் மாத்திரை பிடிக்கிறது. ஆனால் நல்ல செல் பத்துப் பேரின் பேச்சைக் கேட்டு நடக்கிறது, அதில் ஒருவர் வாய் மூடினால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நோய் செல் இந்த ஒரே குரலை நம்பிப் பிழைப்பது. அது நின்றால் செல் பட்டினி கிடந்தது போலச் செத்துவிடும். மாத்திரை கிட், பி.டி.ஜி.எஃப்.ஆர். என்ற வேறு இரண்டு கைனேஸ் வகைகளையும் பிடிக்கும். கண்ணைச் சுற்றி வீங்குவதற்கு அந்தப் பக்கத்துப் பிடிதான் காரணம் என்கிறார்கள்.

தறிமெக்கானிக் பள்ளிபாளையம்:

தம்பி, மூன்று தடவை படித்தேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது.

எங்கள் தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்க முள் மாதிரி ஒரு பாகம் இருக்கும். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா போய் வரும்போது நூல் இருக்கிறதா என்று அது தொட்டுப் பார்க்கும். இல்லையென்றால் தறியை நிறுத்திவிடும். அடிக்கடி நிற்கிறது என்று எரிச்சல்பட்டு, அதைக் கழற்றிவிட்டே ஓட்டுகிற ஆட்கள் உண்டு. அப்புறம் நூலே இல்லாமல் தறி வெறும் காற்றை அடித்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் சொன்ன கொழுப்பு வால் அந்த முள்தான். எனக்கு அது கழன்றுவிட்டது. மாத்திரை புது முள் மாட்டவில்லை, நாடா பெட்டிக்குள் வந்து நிற்கிற நேரம் பார்த்து ஆப்பு வைக்கிறது. சரிதானே?

இரண்டு கேள்வி. அந்தக் கொழுப்பு சாப்பாட்டில் கிடைக்குமா? தேங்காய் எண்ணெயில் இருக்கிறது என்று மகள் போனில் தேடிச் சொன்னாள். வீட்டில் இப்போதே செக்கு எண்ணெய்ப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று: என்னோடு வரிசையில் உட்காருகிற திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர். அவருக்கு இதே மாத்திரை மூன்று வருடம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. மாத்திரை அதே மாத்திரை, ஆள் அதே ஆள். ஆப்பு ஏன் நிற்கவில்லை?

மருந்தாளுநர் அக்கா:

நடுவில் வருகிறேன். கிரேப்ஃப்ரூட் சாப்பிடக்கூடாது என்று அட்டையில் இருக்கும். அதைத் திராட்சை என்று நினைத்து வருடக்கணக்கில் திராட்சையை ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பம்பளிமாசின் உறவுக்காரப் பழம். மாத்திரையைக் கரைக்கும் கல்லீரல் நொதியை அது தடுத்துவிடும், ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். பம்பளிமாசையும் விட்டுவிடுங்கள், திராட்சை சாப்பிடலாம். சாப்பாட்டோடு போடுவது சரி, தண்ணீர் ஒரு பெரிய தம்ளர் நிறைய வேண்டும். கெண்டைக்கால் பிடிப்புக்கு நீங்களாக எதையும் வாங்கிப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிண்டிப்படிகம்:

அண்ணே, தறி உவமை என் இட்லியை விட நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம்: உங்கள் ஆப்பு அடித்து இறுக்கியது அல்ல, தளர்ந்து வெளியே வந்துவிடும், வேறொன்று போய் உட்காரும். உடம்பும் மருந்தைக் கழித்துக்கொண்டே இருக்கும். சுமார் 18 மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகிவிடும். கல்யாணம், காதுகுத்து என்று இரண்டு நாள் விட்டால் நாடா பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும்.

தேங்காய் எண்ணெயில் மிரிஸ்டிக் அமிலம் நிறையவே இருக்கிறது. பேர் வந்தது ஜாதிக்காயின் தாவரப் பெயரிலிருந்து. ஆனால் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. புரதம் உருவாகும்போதே அதன் முதல் கிளைசினில் இன்னொரு நொதி கொழுப்பை ஒட்டுகிறது. உங்கள் ஒட்டுப் புரதத்தில் அந்த நுனியே இல்லை, எங்கே ஒட்டும்? செக்கு எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், வால் போனாலும் அடிப்பாகத்துக் குழி அப்படியே இருக்கிறது. அந்தக் காலிக் குழியில் கொழுப்புக்குப் பதிலாக உட்காரவென்றே ஒரு மருந்து செய்தார்கள், பேர் அசிமினிப். அமெரிக்காவில் 2021 அக்டோபரில் அனுமதி. நீங்கள் சொன்னீர்களே, மாத்திரை புது முள் மாட்டவில்லை என்று. இது கிட்டத்தட்ட முள்ளை மாட்டுகிற மாத்திரை.

திருச்செங்கோட்டுக்காரருக்கு என்ன ஆனது என்று நான் சொல்லக்கூடாது, அவருடைய ரிப்போர்ட் பார்த்தவர் சொல்ல வேண்டும். காரணம் பலவாக இருக்கலாம். அதில் ஒன்று மட்டும் அமைப்பில் தெரிவது. இடுக்குக்கும் பின்பொந்துக்கும் நடுவில் வாசல்காரன் மாதிரி ஒரு அமினோ அமிலம் நிற்கிறது, 315-ஆம் எண், திரியோனின். இமாட்டினிப் அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. கோடிக்கணக்கான செல்கள் பிரியும்போது எங்கோ ஒன்றில் எழுத்துப் பிழை விழுந்து, 315-ல் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்துவிடும். பிடிக்கக் கை இருக்காது, உடம்பும் பருமன், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மருந்து உள்ளே போகாது. ஏ.டி.பி.க்கு அந்த வாசல் தேவையில்லை, அது வழக்கம்போல் வந்து போகும். மற்ற செல்கள் மாத்திரையில் செத்துக்கொண்டிருக்க, இந்த ஒன்று மட்டும் பெருகும். மாத்திரை விடாப்பிடியாக வேலை செய்வதே அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. 2001-ல் மாத்திரை சந்தைக்கு வந்த அதே வருடம் இது கண்டுபிடிக்கப்பட்டது. பின்னால் வந்த போனாட்டினிப் என்ற மருந்தின் நடுப்பகுதி கம்பி மாதிரி மெலிசு, பருமன் வாசல்காரனை உரசிக்கொண்டு உள்ளே போய்விடும். ரத்தக் குழாயில் அடைப்பு வரும் ஆபத்து உள்ள மருந்து, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

பாரிமுனை வக்கீல்:

படிகம் என்று பேச்சு வந்ததால் ஒன்று. நீங்கள் சொல்வது நொதியின் படிகம். கோர்ட்டில் அடிபட்டது மாத்திரைத் தூளின் படிகம். இமாட்டினிப் உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, மாத்திரையைச் செய்த நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல் மனுப் போட்டது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் தள்ளுபடி. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் அது நோயை இன்னும் நன்றாகக் குணப்படுத்துகிறது என்று காட்ட வேண்டும், இதுதான் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2007-ல் அதுவும் தள்ளுபடி. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பேசப்பட்ட மருந்தை நம் ஊர் கம்பெனிகள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தொடர்ந்து செய்ய முடிந்தது அதனால்தான்.

தறிமெக்கானிக் பள்ளிபாளையம்:

வக்கீல் சார், இது எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக வாங்குகிறேன், இதற்கு ஒரு வழக்கு நடந்திருக்கும் என்று தோன்றியதே இல்லை.

தம்பி, அந்த நொதியின் படத்தை நாங்கள் பார்க்க முடியுமா? அசலான படம். பாடப்புத்தகத்தில் வட்டம் போட்டு அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அது வேண்டாம்.

கிண்டிப்படிகம்:

தாராளமாக. உலகத்தில் எடுத்த புரதப் படங்கள் எல்லாம் ஒரே வங்கியில் காசு வாங்காமல் வைத்திருக்கிறார்கள். புரோட்டீன் டேட்டா பேங்க் என்று தேடி, 1ஐஇபி (கடைசியில் பம்ப் பி) என்ற நாலு எழுத்தை மகளை ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். விரலால் சுற்றிப் பார்க்கலாம். திரையில் இரண்டு நொதி தெரியும், பயப்பட வேண்டாம், படிகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு நகல்கள். அது சுண்டெலியின் ஏ.பி.எல். அந்தப் பகுதியில் எலிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாத மாதிரிதான்.

தறிமெக்கானிக் பள்ளிபாளையம்:

பார்த்தோம். மகள் இடியாப்பம் என்கிறாள். எனக்கு அறுந்த பாவு சுருண்ட மாதிரி இருந்தது. நடுவில் மாத்திரை குச்சி குச்சியாக நீளமாக இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பக்கம் இடுக்கில், ஒரு பக்கம் உள்ளே. 315-ஐயும் தொட்டுப் பார்த்தாள், பேர் வந்தது. இத்தனை நாள் தினமும் முழுங்கியது எங்கே போய் உட்காருகிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சுற்றிலும் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளி, எதனோடும் ஒட்டாமல் நிற்கிறது. அது என்னங்க?

கிண்டிப்படிகம்:

தண்ணீர்ண்ணே.